படம் எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்?

பிரிட்டனில் ‘யுகே பயோபேங்க்’ ஆய்வு ஒரு லட்சம் பேரின் மூளை, இதயம், வயிறு ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்து 2025 ஜூலையில் முடித்தது. ஜெர்மனியின் ‘நாக்கோ’ ஆய்வு 30,000 பேருக்கு முழு உடல் படம் எடுத்தது. இவர்கள் நோயாளிகள் அல்ல, நடமாடிக்கொண்டிருப்பவர்கள். நோய் வெளியே தெரியும் முன் உடலுக்குள் என்ன மாறுகிறது என்று பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது யாருடைய உடல்?

பிரிட்டனில் 92 லட்சம் பேருக்கு அழைப்பு போனது. வந்தவர்கள் 5 லட்சம், அதாவது நூற்றுக்கு ஐந்தரை பேர். அவர்கள் பொதுமக்களைவிட வசதியும் ஆரோக்கியமும் கூடியவர்கள் என்று ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். படம் எடுத்ததும் அவர்களுக்குள்தான். ஜெர்மனியில் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுத்தார்கள். அங்கும் அழைத்தவர்களில் ஐந்தில் ஒருவர்கூட வரவில்லை.

நாளை இந்த ஆய்வு நம் பக்கம் வந்தால் என்ன ஆகும்? ஆத்தூர் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறவர் படம் எடுக்கப் போனால் அன்றைய கூலி போச்சு. அவர் வரமாட்டார். நாமக்கல் லாரி பாடி பட்டறையில் கிரைண்டிங் பிடிக்கிறவர் வந்தாலும், “கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததுண்டா?” என்று வாசலிலேயே கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், கருவியின் காந்தம் அந்தத் துகளை அசைத்தால் பார்வை போகலாம். ஆனால் ஆமாம் என்றவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவருடைய ஈரலும் முதுகெலும்பும் கணக்கில் வராது. முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்தால் துகள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தச் செலவை ஆய்வுதான் ஏற்க வேண்டும், இழந்த கூலியையும் சேர்த்து.

பெயர்ப் பட்டியலுக்கு அலைய வேண்டியதில்லை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். காலனித் தெருவையும் சேர்த்துக் குலுக்குங்கள் என்கிறோம். சாதியையும் கேட்டு எழுதுங்கள். ரத்தத்தில் தேடுவதற்கல்ல, வேலையிலும் குடிநீரிலும் தேடுவதற்கு. 2025இல் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது செய்தியானது. ஒரு சிறுநீரகம் இல்லை என்று படம் சொல்லும், கந்துவட்டியைச் சொல்லாது.

சம்மதமும் முக்கியம். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கண்டித்தது. தடுப்பூசி மீது நமக்குக் குறையில்லை, கையெழுத்து வாங்கிய விதத்தின் மீதுதான்.

பிரிட்டனில் படத்தில் ஆபத்தாக ஏதாவது தென்பட்டால் அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் தகவல் போகிறது. சிகிச்சைக்கு அங்கே காசு கேட்பதில்லை. இங்கே ஒருவருக்குக் கட்டி இருக்கிறது என்று படம் சொன்னால், எந்த அரசு மருத்துவமனையில், எத்தனை நாளுக்குள், யார் பார்ப்பார்கள் என்பதைக் கருவிக்குள் படுக்க வைக்கும் முன்பே தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.