கம்பாரில் ஓர் அறை

குரலை வைத்துச் சாப்பிடுகிறவள் நான். அதனால் அக்கா மகளுக்கு அறை தேடும் வேலையை வீட்டில் என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீதான் நல்லா பேசுவியே, நீயே போன் பண்ணு" என்றார் அக்கா.

பிள்ளைக்குக் கம்பாரில், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அங்கே படிக்கிறவர்களில் நிறைய பேர் சுற்றியுள்ள தாமான்களில் வாடகைக்குத்தான் தங்குகிறார்கள். முகநூலில் அறை விளம்பரங்களுக்குக் குறைவில்லை. நான்கு எண்களைக் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில், காலை நிகழ்ச்சிக்குப் பேசுகிற அதே குரலில் பேசினேன். அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, இணையம் இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியாகத்தான் பெயரைக் கேட்டார்கள்.

பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு மௌனம். ஒலிபரப்பில் இரண்டு விநாடி சத்தம் நின்றாலே எங்களுக்கு வியர்த்துவிடும். இது அதைவிட நீளம். முதல் ஆள், "உடன் தங்குகிற பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். இரண்டாவது ஆள், இப்போதுதான் ஒருவர் முன்பணம் கட்டினார் என்றார். மூன்றாமவர், "சீனப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று நேராகவே சொன்னார். அவர் மேல்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை. என் நேரத்தை வீணாக்கவில்லை. நான்காவது எண்ணை அழைக்கவில்லை.

அன்று மதியம் என் சீனத் தோழி ஒருத்தி அந்த இரண்டாவது எண்ணுக்குப் பேசினாள். அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது. எனக்கு வந்த கோபத்தைவிட அவளுக்கு வந்த வெட்கம் அதிகம்.

பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரவு சாப்பிடும்போது நான் ஏதோ பூசி மெழுகினேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சித்தி, நீங்க எந்த விளம்பரத்துக்குப் போன் பண்ணீங்க? நான் அந்த மாதிரி விளம்பரத்தையெல்லாம் முதல்லயே தள்ளிட்டுத்தானே தேடறேன்" என்றாள். பதினெட்டு வயது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். நெடுஞ்சாலையில் தாப்பாவில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். போகிற வழியெல்லாம் வலப்பக்கம் புஜாங் மலாக்கா மலை கூடவே வந்தது.

கம்பார் என்பது உண்மையில் இரண்டு ஊர். ஒன்று பழைய நகரம். ஐந்தடிப் பாதையும் மரச் சன்னல்களும் உள்ள கடைவீடுகள், காலையிலேயே கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்ட பெரியவர்கள், சட்டிக் கோழிச் சோறு, ரொட்டிக்குள் கோழிக்கறியைப் பொதிந்து சுடுகிற கடைகள். ஈயத்தால் எழுந்த ஊர் இது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் இருந்த மற்ற ஊர்களைப்போல் இதுவும் ஓய்ந்துபோனது. 2007இல் பல்கலைக்கழகம் வந்த பிறகு முளைத்ததுதான் இரண்டாவது ஊர்: வரிசை வரிசையாக மாணவர் வீடுகள், நகலெடுக்கும் கடைகள், குமிழ்த் தேநீர், டோபி கடைகள். தோண்டி எடுத்த ஈயத்துக்குப் பதிலாக மிச்சமிருப்பவை குட்டைகள். வளாகத்தைச் சுற்றி அவை இன்று ஏரிகளாக அழகு காட்டுகின்றன.

ஊருக்கு வெளியே கிரீன் ரிட்ஜ் என்றொரு மேடு இருக்கிறது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியப் படையை இங்கேதான் தடுத்து நிறுத்தினார்கள். தடுத்ததில் 11வது இந்தியக் காலாட்படைப் பிரிவும் உண்டு. அந்த மேட்டில் நின்றபோது எனக்குத் தோன்றியதை அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "சண்டை போட இடம் இருந்துச்சு, தங்க இடம் இல்லையாம்."

அன்று கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தே கேட்டோம். மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன், ராமநாதபுரத்துக்காரர், "அந்த ரோட்டுப் பக்கம் வீடு பாக்காதீங்கக்கா, ராத்திரி முழுக்க மோட்டார் சத்தம், புள்ள படிக்க முடியாது" என்றார். எந்த விளம்பரத்தில் இது வரும்? அங்கிருந்து ஒரு டோபி கடை. கடைக்காரச் சீன ஆண்ட்டி பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன படிக்கப் போகிறாய் என்று மலாயில் கேட்டார். கணக்கியல் என்றாள். "என் மகளும் அதுதான்" என்றவர், துணி மடித்துக்கொண்டே யாருக்கோ போன் போட்டு கந்தோனிஸில் ஐந்து நிமிடம் பேசினார். பத்து நிமிடத்தில் ஒரு பெரியவர் மோட்டாரில் வந்து சேர்ந்தார்.

அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. நண்பர்களைக் கூட்டி வந்து சத்தம் போடுவாளா? கறி சமைப்பாளா? இரண்டாவது கேள்வியில் எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை, "அங்கிள், எனக்கு மேகி மட்டும்தான் தெரியும்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். மாதம் 350 வெள்ளி, இரண்டு மாத முன்பணம். சேமநிதியிலிருந்து கல்விக்கென்று எடுத்த பணத்தில் அக்கா அங்கேயே கொடுத்தார்.

போனில் அழைத்திருந்தால் இதே மனிதர் அறை கொடுத்திருப்பாரா என்று திரும்பும் வழியில் அக்கா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாடகைக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று நாட்டில் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அது வரும்வரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரு டோபி ஆண்ட்டி வாய்க்க வேண்டும் என்றால் அது நியாயமில்லை.

கிளம்புவதற்கு முன் செய்த ஒன்றை மட்டும் பெற்றோருக்குச் சொல்கிறேன். இருட்டும்வரை காத்திருந்து, எட்டு மணிக்கு வளாக வாசலிலிருந்து அறைவரை பிள்ளையோடு நடந்தோம். பகலில் படம் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஏரிக்கரை ராத்திரியில் கும்மிருட்டு. ஒரு நாய்க்கூட்டம் வேறு. சுற்றிப் போனால் ஏழு நிமிடம் அதிகம், ஆனால் கடைகளும் விளக்கும் உண்டு. அந்த வழியை அவள் மூன்று முறை நடந்தாள். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, மருத்துவமனை எந்தப் பக்கம், ஞாயிறு மாலை கோலாலம்பூரிலிருந்து வரும் ரயிலில் இறங்கினால் நிலையத்தில் வண்டி கிடைக்குமா என்பதையெல்லாம் அன்றே கேட்டு எழுதி வைத்தோம். புதிய மெத்தை வாங்க மறந்துவிட்டோம், அது வேறு கதை.

போன வாரம் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினாள். உடன் தங்கியிருந்த பெண் படிப்பு முடிந்து போகிறாளாம். காலியாகும் அறைக்கு விளம்பரம் எழுதும் வேலையை வீட்டுக்காரப் பெரியவர் இவளிடமே விட்டிருக்கிறார். "சித்தி, ஆங்கிலம் சரியா இருக்கான்னு பாருங்க."

ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். அறை, ஜன்னல், இணையம், வாடகை, எட்டு மணிக்கு எந்த வழியாக நடந்து வர வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தாள். தொடர்புக்கு என்று தன் பெயரை, அப்பா பெயரோடு முழுசாக, முதல் வரியிலேயே போட்டிருந்தாள்.