திண்ணையில் நிற்கும் விருந்தினர்

சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளத்தை விண்டோஸின் மேல் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஏற்றிவிட்டு, உள்நாட்டு மென்பொருளுக்கு மாறிவிட்டதாக அறிக்கை எழுதும் துறைத்தலைவர்களுக்கு ஒரு கேள்வி: மாறியது எது? விண்டோஸ் உரிமக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லையே!

மெய்நிகர் இயந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. கருவகத்தைக் கலைத்துப் பார்க்கவும், பிழை நேர்ந்தால் பழைய நிலைக்கு மீளவும் அதைவிட ஏற்ற களம் இல்லை. ஆனால் அங்கே பாஸ் காண்பது கற்பித வன்பொருளை. நம் அச்சுப்பொறியும் வைஃபை அட்டையும் அதனோடு ஒத்துழைக்குமா என்ற முதன்மைக் கேள்விக்கு அச்சோதனை விடை தராது. 4 ஜிபி நினைவகத்தில் பாதியை விண்டோஸ் விழுங்கிய பின் மிச்சத்தில் எதுதான் தள்ளாடாது? 'பாஸ் மந்தம்' என்று மாணவர் தீர்ப்பெழுதுகிறார், குற்றமோ ஏற்பாட்டினுடையது. தாராவியிலிருந்து பழைய மடிக்கணினியோடு வரும் மாணவிக்கே இத்தளம் மிகத் தேவை. அவள்மீதே இரட்டைச் சுமையை ஏற்றுகிறோம்.

உள்ளே இயங்கும் தளத்தை விருந்தினர் என்பது கணினியியல் வழக்கு. இத்தனை ஆண்டுகளாகத் திண்ணையிலேயே நிறுத்திவைக்கும் விருந்தோம்பல் நம்முடையது. ஆய்வகத்தின் ஒரு வரிசைக் கணினிகளிலேனும் நேரடியாக நிறுவுங்கள். ஒரு பருவம் முழுதும் அச்சிடுதல் உட்பட அனைத்தும் அதிலேயே நடக்கட்டும். அதன்பின் வேகத்தைப் பற்றி விவாதிப்போம்.