ஊதா நிறத்தின் உட்பொருள்

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பூமியிலே, கிணற்று நீரை இறைத்து வளர்க்கும் செவ்வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் செழித்திருப்பதை யாவரும் அறிவர். கத்தரிக்காய்க்கும் வெங்காயத் தோலுக்கும் ஊதாச் சாயலை அளிப்பது ஒரே வகைப் பொருளே. அதனை அந்தோசயனின் என்பர். கஞ்சாச் செடியின் சில இனங்கள் ஊதா நிறங் கொள்வதும் அதனாலேயே.

இந்நிறம் பிறப்பால் வருவதா, வளர்ப்பால் வருவதா?

1866ஆம் ஆண்டிலே வெளியான தமது ஆய்வில் கிரகோர் மெண்டல் இதற்கு வழி காட்டினார். ஊதாப் பூப் பட்டாணியையும் வெள்ளைப் பூப் பட்டாணியையும் அவர் கலந்தபோது, முதற் சந்ததி முழுவதும் ஊதாவாகவே பூத்தது. அடுத்த சந்ததியின் 929 செடிகளிலோ 705 ஊதா, 224 வெள்ளை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மகனிடம் மறைந்த பாட்டனின் சாயல் பேரனிடம் வெளிப்படுவது போல, ஒளிந்திருந்த வெள்ளை மீண்டும் தோன்றிற்று. அந்தப் பரம்பரையலகு எதுவென்பது 2010இல் துலங்கியது. அது தானே சாயத்தை ஆக்குவதன்று; சாயமாக்கும் அலகுகளுக்குக் கட்டளையிடுவது. வெள்ளைப் பூவிலே அக்கட்டளை பழுதுற்றிருக்கிறது.

எனினும் பிறப்பு மாத்திரம் போதாது. கத்தரிக்காயின் காம்பைச் சூழ்ந்த பச்சைத் தொப்பியை உரித்துப் பாருங்கள். பல இனங்களில் அதன் கீழுள்ள தோல் வெளிறியிருக்கும். வெயில் படாத இடத்திலே சாயம் ஊறவில்லை. ஊதா இனக் கஞ்சாவிலும் குளிர்ந்த இரவுகள் நிறத்தை மிகுவிக்கின்றன. திறனைத் தருவது பிறப்பு. அதனை வெளிக்கொணர்வது சூழல்.

இதனை அறிவதால் நமக்கு என்ன பயன்? பொசுபரசு குறைந்த மண்ணிலே சோளம் முதலிய பயிர்களின் இலைகளும் ஊதா நிறமாகும். ஆகவே ஊதாவைக் கண்டதும் கலவைப் பசளையை அள்ளி இடத் தோன்றும். அந்நிறம் இனத்தின் இயல்பாயிருந்தால் பசளை வீணாகும். வீணாவதோடு தீங்கும் விளையும். பசளையிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாகி, மணலின் வழியே எளிதில் நிலத்தடி நீரை அடையும். கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றிலே, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பை மிஞ்சிய நைத்திரேற்று ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. அத்தகைய நீரிற் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதாலும் நைத்திரேற்று நீங்காது.

செழித்த செடி தாய்ச்செடியைப் போலவே ஊதாவாயிருந்தால், அது பெரும்பாலும் குணம். குன்றிய செடியின் முதிர்ந்த இலைகளிலே ஊதா படர்ந்தால், அது குறையாகலாம். ஐயம் எழுந்தால் முதலில் மண்ணைப் பரிசோதிப்பிக்க வேண்டும். பசளை மூட்டையை அவிழ்ப்பது அதன் பின்னரே. தோட்டத்துக் கிணறுதானே பல வீடுகளுக்குக் குடிநீர்க் கிணறும்!