இலங்கையர் என்றால் போதுமா?

"நாம் எல்லோரும் இலங்கையர்" என்ற பேச்சு மறுபடியும் மேடையேறியிருக்கிறது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 225 ஆசனங்களில் 159ஐ வென்ற தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் முதலிடம் பெற்றது. இன அரசியலுக்கு மக்களே முடிவு கட்டிவிட்டார்கள் என்று ஆளுந்தரப்பு அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டது. அந்தப் பேச்சின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. இன, மத அடையாளம் மக்கள் மனத்தில் படிந்த அழுக்கு, நல்ல தலைமை வந்தால் துடைத்துவிடலாம் என்ற அதன் அடிப்படை எண்ணத்தைத்தான் மறுக்கிறோம். இந்த நாட்டில் யார் எந்த இனம் என்பதை வீட்டுக்குச் சமமாகப் பாடசாலையும் கோவிலும் அரச அலுவலகமும் தீர்மானித்து வந்திருக்கின்றன.

ஆதாரத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரையான மேற்குக் கரை ஒன்றே போதும்.

நீர்கொழும்புக் கத்தோலிக்க மீனவர்களில் பெரும் பகுதியினருக்கு ஒரு காலத்தில் வீட்டு மொழி தமிழ். செபமும் தமிழில்தான். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் சிங்களப் பாடசாலையில் படித்து, குடிசன மதிப்பீட்டில் சிங்களவர் என்று பதிகிறார்கள். கரையோரக் குடியிருப்புகளில் வயதானவர்கள் வலை இழுக்கும்போதும் மீனுக்கு விலை பேசும்போதும் தமிழ் வந்து விழுகிறது. வீட்டுக்குள் பிள்ளைகளிடம் சிங்களம். இவர்களை யாரும் ஊரைவிட்டு விரட்டவில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் கரைப் பாடசாலைகளின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. சிலாபம் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் அந்த மாற்றத்தில் முன்னின்றவர். இரண்டு தலைமுறையில் காரியம் முடிந்தது.

சிலாபத்துக்கு வடக்கே உடப்பு இருக்கிறது. அதே கடல், அதே கரைவலை, சுற்றிலும் அதே சிங்களக் கிராமங்கள். ஆனால் உடப்பு இன்றும் தமிழ் ஊர். திரௌபதி அம்மன் கோவிலில் தீமிதிப்பு நடக்கிறது. பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். நீர்கொழும்பு மீனவரைவிட உடப்பு மீனவருக்கு மொழிப்பற்று அதிகம் என்று சொல்லிவிட முடியாது. கத்தோலிக்கருக்கு மதத்துக்குள்ளேயே சிங்களத்துக்குப் போகும் ஒரு பாதை இருந்தது. திரௌபதி அம்மனுக்கு மேலே ஆயர் கிடையாது, போதனாமொழியை மாற்றச் சொல்வதற்கு.

இன்னும் வடக்கே, புத்தளத்திலும் கற்பிட்டியிலும், மூன்றாவது கதை. அங்குள்ள முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ், வெள்ளிக்கிழமைக் குத்பா தமிழ். இருந்தும் தமிழர் என்று அழைக்கப்படுவதை அவர்கள் ஏற்பதில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழ்த் தலைமைக்கும் பங்கு உண்டு. முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை படித்தார். சட்டசபையில் தங்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கிடைக்காமல் செய்யும் முயற்சியாகவே முஸ்லிம்கள் அதைப் பார்த்தார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூலே எழுதினார். பின்னாளில் தமிழரசுக் கட்சி "தமிழ் பேசும் மக்கள்" என்று எல்லோரையும் ஒரே குடைக்குள் அழைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது அந்தக் குடை கிழிந்தது. யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் இதே புத்தளம்தான்.

சிங்களத்துக்கு மாறிய நீர்கொழும்புக் கத்தோலிக்கருக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அவர்கள் கத்தோலிக்கர் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள். அதன் எதிரொலியாக அடுத்த மாதம் சிலாபத்தில் பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழ் பேசிய இரு சமூகங்கள், ஒரே கரையில்.

நீர்கொழும்பு மாற்றத்தைச் சிலர் வெற்றியாகவே காட்டுகிறார்கள்: சண்டையின்றிக் கலந்துவிட்டார்கள், எல்லோரும் அப்படியே கலந்தால் பிரச்சினை தீராதா என்று. 1958இலும் 1983இலும் தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியதைப் பார்த்த எந்தத் தகப்பனும் பிள்ளையைச் சிங்களப் பாடசாலையில் சேர்த்திருப்பார். அந்தத் தகப்பனை நாம் குறை சொல்ல மாட்டோம். அந்த முடிவை அவருக்கு வேண்டியதாக்கிய அரசைத்தான் குறை சொல்கிறோம்.

முன்னேஸ்வரத்தில் பௌத்தச் சிங்களவரும் நேர்த்தி வைக்கிறார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவில் இரு மொழியிலும் திருப்பலி நடக்கிறது. சேர்ந்து கும்பிடுவதில் மக்களுக்குச் சிரமமில்லை. சேர்ந்து படிக்கத்தான் இடமில்லை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தன; அதை இந்த நாடு மறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று தனித்தனி அறைகள் கட்டப்பட்டன. ஒரே ஊரில், ஒரே ஏழரை மணிக்கு, அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு வாசலில் நுழைகிறார்கள். நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை; மற்ற இரண்டிலும் பாடம் நடக்கும். பதின்மூன்று வருடம் இப்படி வளர்த்துவிட்டு, பதினெட்டு வயதில் "நீ இலங்கையன்" என்றால் பிள்ளை யாரை நினைத்துக்கொள்ளும்?

அலுவலகத்தின் கதையும் இதுதான். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் சேர்த்தது. 2007இல் வந்த சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. இத்தனைக்குப் பிறகும், சிங்களப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாட்டோடு போகும் தமிழர் வாயால் தமிழில் சொல்ல, எழுதுபவர் தமக்கு விளங்கியதைச் சிங்களத்தில் எழுதி, விரலால் இடம் காட்டி ஒப்பம் வாங்குவது நின்றபாடில்லை. ஒப்பமிட்டவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வழக்கு நடப்பது மட்டும் அந்தத் தாளை வைத்துத்தான். எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் 24 மணி நேரமும் இருமொழி தெரிந்தவர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்று 2011இலேயே கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு சொன்னது. அந்த ஆணைக்குழுவை அமைத்தவர் மஹிந்த ராஜபக்ஷ என்பதையும் நினைவூட்டுகிறோம். தமிழ்க் கட்சிகளின் கோரிக்கை என்று ஒதுக்க முடியாது.

எனவே அரசிடம் புதிய கோஷம் எதையும் நாம் கேட்கவில்லை. முறைப்பாட்டாளரின் மொழியில் எழுதப்படாத வாக்குமூலம் செல்லாது என்று பொலிஸ் திணைக்களத்துக்கு உத்தரவு போடட்டும். கொழும்பு றோயல் கல்லூரியில் சிங்கள, தமிழ் மொழிமூல வகுப்புகள் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. புத்தளம், சிலாபம், கல்முனை, மாத்தளை போன்ற கலப்பு நகரங்களில் அப்படிப்பட்ட பாடசாலைகளை ஆரம்பிக்கட்டும். தமிழ் மொழிமூலம் மூடப்பட்ட கரையோரப் பாடசாலைகளில், பெற்றோர் கேட்டால் மீண்டும் திறக்கட்டும்.

தமிழ்க் கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் திரும்ப விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்குக் காணியும் வீடும் பாடசாலையும் கிடைக்க நீங்கள் முன்னின்று குரல் கொடுக்க வேண்டும். கொழும்பு பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்களை வெளியேற்றியது கொழும்பு அரசு அல்ல.