குணா குகை முதல் மாயா பே வரை: சினிமா லொகேஷனுக்கு ஒரே நாளில் எத்தனை பேர் போகலாம்?

கொடைக்கானல் ட்ரிப்புக்குப் பிளான் போடும் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் ஏரி, தூண் பாறை, பைன் காட்டோடு கட்டாயம் வந்து விழும் பெயர் குணா குகை. 2024 பிப்ரவரி 22-ல் மலையாளப் படமான ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வெளியான பிறகு அந்தப் பெயருக்கு மவுசு இன்னும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் சொல்லப்படும் படம் அது. படம் பார்த்த கையோடு வண்டியைக் கிளப்பி மலையேறியவர்கள் ஏராளம்.

படம் எடுத்த இடத்தை நேரில் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் டீக்கடைக்காரருக்கும் டாக்ஸி ஓட்டுநருக்கும் சீசன் ஓடுகிறது. ஆனால், அந்த இடம் ஒரே நாளில் எத்தனை பேரைத் தாங்கும்? அதை யார், எப்போது முடிவு செய்வது? பெரும்பாலும் ஏதாவது நடந்த பிறகுதான் இந்தக் கேள்வியே வருகிறது. சிக்கல் அங்கேதான்.

குணா குகைக்கு ஏன் இவ்வளவு கிரேஸ்?

ஆங்கிலேயர் காலத்தில் இதன் பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’. 1991 தீபாவளிக்கு வந்த கமல்ஹாசனின் ‘குணா’ இங்கே படமாக்கப்பட்டது. சந்தான பாரதி இயக்கிய அந்தப் படத்துக்குப் பிறகு பழைய பெயர் மறைந்து, படத்தின் பெயரே இடத்தின் பெயராகிவிட்டது.

பாறை இடுக்குகளில் ஆழமான குழிகள் இருக்கும் ஆபத்தான இடம் இது. விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. 2006-ல் கொச்சி அருகே மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் குழிக்குள் விழ, கூட வந்த நண்பரே கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். அதுதான் படத்தின் கதை. இப்போது சுற்றுலாப் பயணிகள் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

அப்படியும் அடங்கவில்லை. படம் வெளியான கொஞ்ச நாளிலேயே, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கிய இளைஞர்கள் கைதான செய்தி வந்தது. உயிர் தப்பிய கதையைப் பார்த்துவிட்டு, அதே குழிப் பக்கம் போய் நிற்பதை என்னவென்று சொல்வது?

திரையில் பார்த்தது அங்கே இருக்குமா?

இருக்காது. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த குகையின் உட்பகுதியில் பெரும்பங்கு, கேரளாவின் பெரும்பாவூரில் போடப்பட்ட செட். வேலியைத் தாண்டி உள்ளே போனாலும் அந்தக் காட்சி கிடைக்கப்போவதில்லை. கிடைப்பது வழுக்கும் பாறையும் இருட்டும்தான்.

கூட்டத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் தாய்லாந்தில் இருக்கிறது. ஃபீ ஃபீ லே தீவின் மாயா பே கடற்கரையில், லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படமாக்கப்பட்டது. 2000-ல் படம் வெளியான பிறகு உலகமே அங்கே படகு ஏறியது. உச்சத்தில் இருந்தபோது அந்தச் சின்னக் கடற்கரைக்குத் தினமும் 5,000 பேருக்கு மேல் வந்தார்கள். படகுகளின் நங்கூரமும் மனிதர்களின் கால்களும் பட்டு, பவளப்பாறைகள் பெருமளவில் நாசமாகின.

2018 ஜூனில் தாய்லாந்து அரசு கடற்கரையை மூடியது. நான்கு மாதம் என்று ஆரம்பித்தது, மூன்றரை ஆண்டுகள் வரை நீண்டது. அந்த இடைவெளியில் பவளப்பாறைகளை மறுபடி நட்டார்கள். துடுப்பு நுனி கறுப்பாக இருக்கும் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன.

2022 ஜனவரியில் திறந்தபோது ரூல்ஸ் எல்லாம் மாறியிருந்தன. படகுகள் விரிகுடாவுக்குள் வரக் கூடாது. தீவின் பின்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். ஒரு மணி நேர ஸ்லாட்டுக்கு 400-க்கும் குறைவான ஆட்கள். நீந்தத் தடை. ஆண்டுதோறும் சில மாதங்கள் விடுமுறை. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் மாயா பேக்குக் கூட்டம் வருகிறது. வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நம்மிடம்தான் இ-பாஸ் இருக்கிறதே?

இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது.

ஆனால், இ-பாஸ் கணக்குப் பார்ப்பது மலையடிவாரத்தில். மேலே ஏறிய பிறகு எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்பாட்டுக்குத் திரும்பினால், அதைத் தடுக்க அந்தப் பாஸால் முடியாது. ஒரு ரீல்ஸ் வைரலானால் போதும், அடுத்த வீக்எண்டே தூண் பாறை ரோட்டில் வண்டி நகராது. குணா குகைக்குப் போகும் வழியில் வெளியே தெரியும் மரவேர்களின் மேல்தான் அத்தனை பேரும் நடக்கிறார்கள், உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். அந்த வேர்கள் மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்களுடையவை. ஒருமுறை பட்டுப்போனால், பூங்காவில் செடி மாற்றி வைப்பதுபோல மாற்றி வைக்க முடியாது.

என்ன செய்யலாம்?

மாயா பேயில் செய்ததை இங்கேயும் செய்யலாம், மூடும் நிலைமை வரும் வரை காத்திருக்காமலே. இ-பாஸ் போடும்போதே குணா குகை போன்ற இடங்களுக்குத் தனியாக நேர ஸ்லாட் கொடுக்கலாம். வேர்களின் மேல் கால் படாதபடி மர நடைபாதை அமைக்கலாம். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று சொல்ல உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக நியமித்தால் அவர்களுக்கும் வருமானம். படப்பிடிப்புக்கு அனுமதி தரும்போதே, பின்னால் வரப்போகும் கூட்டத்துக்கும் சேர்த்துத் திட்டம் கேட்க வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வார நாளில், காலையிலேயே போனால் கூட்டமும் குறைவு, போட்டோவும் நன்றாக வரும். வேலிக்கு அந்தப் பக்கம் எடுத்த ரீல்ஸைப் பார்த்தால் லைக் போடாமல் நகர்ந்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் வேலி ஏறுகிறார். 2006-ல் ஒரு நண்பர் கயிறு கட்டி இறங்கியதால் ஓர் உயிர் பிழைத்தது. ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி ஒரு சுற்றுலாத் தலத்தை நடத்த முடியாது.