ஜடேஜாவைக் கொடுத்தது சரி, ஊர்ப்பேச்சில் விட்டது சரியில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

ஒரு மாதமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே சண்டை. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது நியாயமா, துரோகமா என்று. இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். போன வாரம் அபுதாபியில் ஏலமும் முடிந்துவிட்டது. இனியாவது நிதானமாகப் பேசலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கிரிக்கெட் பார்க்காத அக்காமாருக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஐபிஎல்லில் சென்னை கடைசி இடம், அதாவது பத்தாவது இடம். அணி தொடங்கிய காலத்திலிருந்து அப்படி நடந்ததே இல்லை. நவம்பர் 15ஆம் தேதி, யாரைத் தக்கவைக்கிறோம் என்று பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். அன்றைக்கு அறிவிப்பு வந்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு 18 கோடிக்குச் சென்னைக்கு. 18 கோடி வாங்கிக்கொண்டிருந்த ஜடேஜாவுக்கு இனி 14 கோடி. அவருக்கு இந்த டிசம்பரில் 37 வயது நிறைந்தது. சஞ்சுவுக்கு 31.

சஞ்சு நமக்கு அந்நியர் இல்லை. களியக்காவிளை தாண்டிப் போனால் விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை. அதனால் நம் பக்கத்தில் பாதிப்பேர் அவருக்காகச் சந்தோஷப்படுகிறார்கள். மீதிப்பேர் 2023 இறுதிப்போட்டியை நினைத்துக் கண்ணைத் துடைக்கிறார்கள். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மா வீச, ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. அகமதாபாத்தில் மழை பெய்து ஆட்டம் நள்ளிரவைத் தாண்டியதால் அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. அப்படிப்பட்ட மனிதரைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

கொடுக்கலாம் என்பதே என் கட்சி.

நம் ஊரில் ரப்பர் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு மூடு நட்டால் பால் வெட்ட ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு நல்ல காலம். 25 வருடம் ஆகும்போது பால் குறையத் தொடங்கும். அப்போது கணக்குப் பார்க்கிறவன் கடைசி இரண்டு மூன்று வருடம் ஏணி வைத்து மேலே வரைக்கும் வெட்டிப் பாலை எடுத்துவிட்டு, தடிக்கு விலை இருக்கிற நேரம் பார்த்து விற்றுவிடுவான். மனசு கேட்காதவன் ‘இன்னும் ஒரு வருடம் நிற்கட்டும்’ என்பான். 2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்தபோது அப்படி நின்ற மூடுகளை எத்தனை தோட்டத்தில் பார்த்தோம். எல்லாம் சாய்ந்து கிடந்தன. வியாபாரி சொன்னதுதான் விலை. சிலர் விறகாகக் கொடுத்தார்கள். அதோடு, புதுக்கன்று நடவும் ஒரு வருடம் பிந்திப்போனது.

கிரிக்கெட்டில் ‘இன்னும் ஒரு வருடம்’ என்று நின்றவர் யார் என்று கேட்டால் சுரேஷ் ரெய்னாவைச் சொல்வேன். அந்தக் காலத்தில் சென்னைக்காக அதிக ரன் எடுத்தவர் அவர்தான். 2022 ஏலத்தில் 2 கோடி அடிப்படை விலைக்குக்கூட ஒரு அணியும் கை தூக்கவில்லை, சென்னை உட்பட. டிவியில் அவர் பெயரைப் படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போன அந்தச் சில நொடிகளை ‘சின்ன தல’ என்று கூப்பிட்ட யாரும் மறக்க மாட்டோம். ஜடேஜாவுக்கு அது நடக்கவில்லை. இன்னொரு அணி 14 கோடி வைத்து, இரண்டு பேரை வாங்க சொந்த கேப்டனையே கொடுத்தது. வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போது போவதில் என்ன அவமானம்?

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2023இல் ஜடேஜா எடுத்தது 20 விக்கெட். கடந்த இரண்டு வருடமும் அதில் பாதியைத் தாண்டவில்லை. மட்டையில் இன்னும் பலம் இருக்கிறது. போன ஜூலையில் லார்ட்ஸில் ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு 61 ரன்னோடு கடைசிவரை நின்றதைப் பார்த்தோமே. ஆனால் இருபது ஓவர் ஆட்டத்துக்குத் தேவை வேறு. இந்திய அணியின் இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து 2024 உலகக்கோப்பையை வென்ற கையோடு அவரே விலகிவிட்டார். தன் நேரம் அவருக்கே தெரியும்.

ஏலத்தில் சென்னை செய்ததையும் பாருங்கள். பிரசாந்த் வீர் என்ற இருபது வயதுப் பையன், இடக்கைச் சுழல், மட்டையும் பிடிப்பான். அவனுக்கு 14 கோடியே 20 லட்சம். ஜடேஜாவின் புதுச் சம்பளத்தைவிட 20 லட்சம் கூடுதல்! என் சம்சாரம் கணக்குப் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “கிழட்டு மூட்டுக்குக் கிடைத்ததைவிடக் கன்றுக்குக் கூடவா?” என்றாள். கன்று எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நடுகிற வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

‘அப்படியானால் 44 வயது தோனியை ஏன் வைத்திருக்கிறார்கள்’ என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. 4 கோடியில் இருக்கிறார், மைதானம் நிறைகிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். மரத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதனிடம் கேட்க வேண்டும், அதுவும் முதலில் கேட்க வேண்டும். இந்த விஷயம் ஆகஸ்டிலிருந்தே ஊர்ப்பேச்சாக ஓடியது. சஞ்சு ராஜஸ்தானை விட்டுப் போகிறாராம் என்று தொடங்கியது. பதிலுக்குச் சென்னையில் யார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பெயர். நவம்பரில் ஜடேஜாவின் இன்ஸ்டாகிராம் கணக்கு காணாமல் போனதைக்கூடத் தலைப்புச் செய்தி ஆக்கினார்கள். அவர் சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது என்று அணி நிர்வாகம் பிறகு சொன்னது. இருக்கட்டும். விதியும் சம்மதம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் 12 சீசன் ஆடியவர் பெயர் சந்தையில் உருளும்போது நிர்வாகம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜடேஜா ஐபிஎல் தொடங்கியதே ராஜஸ்தானில்தான், 2008இல், ஷேன் வார்னே தலைமையில், கோப்பையோடு. 2010இல் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று அவருக்கு ஒரு வருடம் தடை போட்டார்கள். ஆட்டக்காரன் தனக்கு இடம் தேடினால் குற்றம். அணி அவனுக்கு இடம் தேடினால் வியூகம்!

அமெரிக்காவில் இருக்கும் நம் மருமக்கமாருக்கு இந்தக் கூத்து பழக்கம். அங்கே பேஸ்பாலில் ஜூலை கடைசியில் ஒரு கெடு நாள் உண்டு. அதற்கு முந்தைய வாரங்களில் நாடே வதந்தியில் மிதக்கும். வயதான ஆட்டக்காரரை ஒரு வருடம் பிந்தி விற்பதைவிட ஒரு வருடம் முந்தி விற்பதே மேல் என்பது பிராஞ்ச் ரிக்கி என்ற பழைய நிர்வாகியின் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. ஜாக்கி ராபின்சனை 1947இல் களத்தில் இறக்கிய அதே ரிக்கிதான். ஆனால் அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. பெரிய லீக்கில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவர் ‘போக மாட்டேன்’ என்று சொன்னால் அனுப்ப முடியாது. கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் 1969இல் தன்னைக் கேட்காமல் விற்றதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார். வழக்கில் தோற்றார், ஆட்டமும் போனது. இந்த விதி அவர் காலத்துப் போராட்டத்தில் பிறந்தது.

ஆசிரியர்களாகிய நமக்கு ‘பணி நிரவல்’ என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது. அங்கே கிரிக்கெட்டுக்கு நேர் எதிர், இளையவர்தான் போக வேண்டும். என்னோடு பணியாற்றிய ஒரு ஆசிரியை தன் பெயர் பட்டியலில் இருப்பதைப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் சொல்லித்தான் அறிந்தார். அதிகாரிகளிடமிருந்து தாள் வந்தது ஒன்பது நாள் கழித்து. அந்த ஒன்பது நாளும் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்று பாடம் நடத்தினார், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல். போன இடத்தில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், மாற்றம் அவருக்கு நல்லதாகவே முடிந்தது. ஆனாலும் இன்றைக்கும் போனில் பேசினால் அந்தப் பேருந்துப் பேச்சைத்தான் முதலில் எடுப்பார்.

ஜடேஜா மறுபடி சேப்பாக்கத்துக்கு ஆட வரும்போது யாரும் ஊளையிட வேண்டாம். 2024இல் குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பிய ஹர்திக் பாண்டியாவை சொந்த மைதானத்திலேயே கூவி அவமானப்படுத்தினார்களே, அது நமக்கு வேண்டாம். அவர் பந்தில் சஞ்சு சிக்சர் அடித்தால் அதற்கும் நான் கைதட்டுவேன்.

குழுவை விட்டுப் போன இரண்டு பேரையும் இன்றைக்குச் சாயங்காலம் மறுபடி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மறுப்பு இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள் மக்களே, பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.