பனிக்காலத்துக்கு எந்த டயர்?

நம் ஊரில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு டயரைக் குறித்து இரண்டே கவலைகள். ஒன்று ஆணி, மற்றொன்று விலை. கானடா தேசத்தில் குடியேறிய நம்மவர்களுக்கோ மூன்றாவதாக ஒரு கவலை உண்டு. அங்கே மார்கழி, தை மாதங்களில் சாலைகளை வெண்பனி மூடிக் கொள்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போய் டொராண்டோவிலும் மாண்ட்ரீலிலும் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. அவர்களுடைய குழந்தைகள் அந்தச் சாலைகளில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். ஆகையால், நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

மாண்ட்ரீல் அடங்கிய கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையில் பனிக்கால டயர் கட்டாயம். டொராண்டோ உள்ள ஒண்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் 2016 முதல், இந்த டயர் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும். சட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ரப்பருக்குச் சட்டம் தெரியாது. உஷ்ணம் சுமார் 7 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே இறங்கியதும் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரோ கடுங் குளிரிலும் இளகி நிற்கும் ரப்பரால் ஆனது. நம்மூர் டிரைவர்கள் 'பட்டன்' என்று சொல்லும் மேற்பகுதியில் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருக்கும். மூன்று சிகரமுள்ள மலையும், அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருந்தால் அதுவே அசல் அடையாளம்.

இவ்வளவும் கடைக்காரரே சொல்லிவிடுவார். தலையைச் சுற்ற வைப்பது டயரின் அளவுதான். '205/55 ஆர் 16 91 எச்' என்று பக்கத்தில் ஏதோ மந்திரம் போல் எழுதியிருக்கும். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 16 என்பது ரிம்மின் குறுக்களவு. இது மட்டும் அங்குலத்தில்! ஒரே வரியில் இரண்டு அளவு முறைகளைச் சேர்த்த புண்ணியவான் யாரோ.

அகலமான டயர்தான் தரையை நன்றாகப் பற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். உலர்ந்த சாலையில் அது பெரும்பாலும் மெய். புதுப் பனியில் நிலைமை வேறு. கட்டை வண்டியின் மெல்லிய சக்கரம் சேற்றை அறுத்துக்கொண்டு அடித்தரையைத் தொடுகிறதல்லவா? அதைப்போலவே ஒடுங்கிய டயர் பனியைக் கிழித்துச் செல்கிறது. அகன்ற டயர் அதன்மேல் மிதக்கப் பார்க்கிறது. கண்ணாடி போன்ற பனிக்கட்டியின் மேல் மாத்திரம் அகலத்தைவிட ரப்பரின் குணமே முக்கியம்.

ஆகவே, வண்டியோடு 225/45 ஆர் 17 வந்திருந்தால், பனிக்காலத்துக்கு 205/55 ஆர் 16 போடுவது நல்ல யோசனை. ரிம் ஓர் அங்குலம் சிறுக்கிறது. பக்கச் சுவர் உயர்கிறது. மொத்தக் குறுக்களவு மாறுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்னது சுமார் 634 மில்லிமீட்டர், பின்னது 632. இந்த ஒற்றுமைதான் உயிர்நாடி. மொத்த அளவு பெருத்துவிட்டால் வண்டி உண்மையில் ஓடுவதைவிடக் குறைந்த வேகத்தையே வேகமானி காட்டும். பனிச் சாலையில் அந்தப் பொய் விபரீதமானது.

இன்னும் சிறிய ரிம் ஆனால் இன்னும் நல்லதா? 195/65 ஆர் 15 என்பதும் ஏறக்குறைய அதே 634தான். ஆனால் ரிம்முக்குள்ளே பிரேக் இருக்கிறது. பெரிய பிரேக் உள்ள வண்டியில் 15 அங்குல ரிம் இடிக்கும். எந்தெந்த அளவுகள் பொருந்தும் என்று வண்டியின் கைப்புத்தகம் சொல்லும். வண்டியோடு வந்த அளவும் காற்றழுத்தமும் டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். இந்த இரண்டையும் பாராமல் அண்டை வீட்டுக்காரர் சொல்லை நம்பி வாங்குவதை நான் ஒப்ப மாட்டேன்.

கடைசியில் வரும் 91, ஒரு டயர் தாங்கக்கூடிய பாரம். அதாவது 615 கிலோ. விலை மலிவென்று, வண்டி செய்தவர் குறித்த எண்ணுக்குக் குறைந்ததை வாங்கக் கூடாது. குடும்பம் முழுவதும் ஏறி, பெட்டி படுக்கையும் ஏறினால் அந்தப் பாரம் அத்தனையும் நான்கு டயர்கள் மேல்தான்.

நான்கு என்றேன். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டிதானே, முன்னால் இரண்டு போதாதா என்று கேட்கும் சிக்கனக்காரர்கள் உண்டு. முன்பக்கம் பற்றிக்கொண்டு பின்பக்கம் வழுக்கினால், வளைவில் வண்டி பம்பரமாகச் சுழன்று எதிர் வரிசைக்குப் போய்விடும். பின் ஆசனத்தில் இருப்பவை குழந்தைகள். மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது: பனிக்கால டயருக்கென்று நான்கு சாதாரண எஃகு ரிம்கள் தனியாக வாங்கிவிட்டால், வருஷத்துக்கு இரு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி குறையும். ஒடுங்கிய டயரின் விலையும் பெரும்பாலும் குறைவே.

வாங்குவதை அக்டோபரிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். முதல் பனி விழுந்த மறுநாள் அங்குள்ள டயர்க் கடைகள் தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக் கடை மாதிரி இருக்கும். கேட்ட அளவு கிடைக்காது, கிடைத்த அளவைத்தான் தலையில் கட்டுவார்கள்.